சயரோகமும் இரகசிய ஔடதங்களும்: ஒரு வரலாற்று நோக்கு

நீரிழிவு, வாதம், புற்றுநோய், சிறுநீரக நோய் என்னும் நெடுநாட் பிணிகளை அடியோடு தீர்ப்பதாக உறுதிகூறும் விளம்பரங்கள் எக்காலத்திலும் இருந்து வந்துள்ளன. அவற்றை நம்பிப் பணத்தையும் சில வேளைகளில் உயிரையும் இழப்போரும் இருந்து வந்துள்ளனர். இவ்விடயம் பற்றி முற்போக்கு எண்ணமுடையோரிடையே இருவேறு கருத்துகள் நிலவுவதை நாம் காண்கிறோம். ஒரு சாரார், இவ்வாறான மருந்தை வாங்குபவன் அறிவிலி என்றும், அவனுக்குக் கல்வி புகட்டினாற் போதும் என்றும் கருதுவர். மற்றொரு சாரார், நவீன மருத்துவம் பன்னாட்டுக் கம்பனிகளின் கையில் அகப்பட்டுக் கிடப்பதால், அதற்கு மாறானவை யாவும் மக்களுடையன என்றும், அவற்றைச் சோதிக்க முற்படுவதே அந்நிய மோகம் என்றும் வாதிடுவர். இவ்விரு கருத்துகளும் வரலாற்றின் முன் நிற்கத்தக்கனவா என்பதை ஆராய்வதே எமது நோக்கமாகும்.

இதற்கு நாம் எடுத்துக்கொள்வது சயரோகத்தின் வரலாறு. 1882-ம் ஆண்டு மார்ச் 24-ந் திகதி பேர்லின் நகரில், இந்நோயை விளைவிக்கும் கிருமியைத் தாம் கண்டறிந்ததாக றொபேட் கொக் அறிவித்தார். மனித குலத்தில் ஏழில் ஒருவர் இந்நோயினால் மடிவதாக அவர் அன்று குறிப்பிட்டார். நோயின் காரணம் தெரிந்தது; ஆனால் அதனை மாற்றும் மருந்து கிடைக்க மேலும் அறுபது ஆண்டுகளுக்கு மேற் சென்றது. அந்த இடைவெளியில் நோயாளர் எதைக் குடித்தனர், யாரை நம்பினர், யார் அவர்களால் வாழ்ந்தனர் என்பது சிந்தனைக்குரிய வரலாறாகும்.

அவ்வரலாற்றின் தொடக்கம் இன்னும் பழமையானது. கழுத்திலே கட்டிகள் தோன்றும் கண்டமாலை சயரோகத்தின் ஒரு வடிவமே. அது மன்னனின் கை பட்டால் மாறும் என்று இங்கிலாந்திலும் பிரான்சிலும் பல நூற்றாண்டுகளாக நம்பினர். இரண்டாம் சார்ள்ஸ் மன்னன் தன் ஆட்சிக் காலத்தில் ஏறக்குறைய தொண்ணூறாயிரம் பேரைத் தொட்டதாகக் கணக்குண்டு. பின்னாளில் ஆங்கில அகராதி தொகுத்துப் புகழ்பெற்ற சாமுவேல் ஜோன்சன், குழந்தைப் பருவத்தில் 1712-ம் ஆண்டு ஆன் அரசியின் கைதீண்டலுக்காக லண்டனுக்குக் கொண்டு செல்லப்பட்டார். நோய் மாறவில்லை; தழும்புகள் ஆயுள் முழுவதும் இருந்தன. பிரான்சில் 1825-ம் ஆண்டிலுங்கூடப் பத்தாம் சார்ள்ஸ் முடிசூடியபோது இச்சடங்கு நிகழ்ந்தது. கண்டமாலை தானாகவே அடங்கி, மீண்டும் தலைகாட்டும் இயல்புடையது. அது அடங்கிய வேளைகளெல்லாம் மன்னனின் மகிமைக்குச் சான்றாயின. அடங்காதவை நோயாளியின் விசுவாசக் குறைவாக எண்ணப்பட்டன.

நிலப்பிரபுத்துவம் போய் முதலாளித்துவம் வந்தபோது மன்னனின் கை மறைந்து, மருந்துப் போத்தல் அவ்விடத்தைப் பிடித்தது. 1783-ம் ஆண்டு முதல் இங்கிலாந்து அரசாங்கம் இவ்வகை மருந்துகள் மீது முத்திரைத் தீர்வை விதித்தது. தீர்வை வருமானத்துக்காகவே விதிக்கப்பட்டது; மருந்தின் தரத்தைப் பற்றி அரசு எதுவும் கேட்கவில்லை. ஆனால் போத்தலின் வாயில் ஒட்டப்பட்ட அரசாங்க முத்திரையைக் கண்ட எளிய மக்கள், அரசே இம்மருந்துக்கு உத்தரவாதம் அளித்துள்ளது என்று எண்ணினர். விற்பனையாளரும் அவ்வெண்ணத்தைத் திருத்தவில்லை. முதலாம் உலகப் போருக்குச் சற்று முன்னர் இத்தீர்வையால் அரசு ஆண்டொன்றுக்கு மூன்று இலட்சம் பவுணுக்கு மேற் பெற்றது. பத்திரிகைகளும் மருந்து விளம்பரங்களால் பெருவருவாய் பெற்றன. எனவே அரசும் பத்திரிகையும் வணிகனும் ஒரே போத்தலில் பங்காளிகளாக இருந்தனர் எனலாம்.

1909-ம் ஆண்டு பிரித்தானிய மருத்துவச் சங்கம் 'இரகசிய ஔடதங்கள்' என்னும் பொருளுடைய தலைப்பில் ஒரு நூலை வெளியிட்டது. சந்தையில் விற்கப்பட்ட மருந்துகளை இரசாயனப் பகுப்பாய்வு செய்து, அவற்றில் என்ன இருக்கின்றது, அதன் அடக்கவிலை என்ன என்பவற்றை அந்நூல் பகிரங்கப்படுத்தியது. சயரோகம், புற்றுநோய், நீரிழிவு, காக்கை வலிப்பு, கீல்வாதம் முதலிய நோய்களுக்கான மருந்துகள் வகைவகையாகப் பிரித்து ஆராயப்பட்டன. நாடெங்கும் புகழ்பெற்றிருந்த பீச்சம் மாத்திரைகள் கற்றாழைச் சத்து, இஞ்சி, சவர்க்காரம் ஆகியவற்றின் கலவை என்பது தெரியவந்தது. ஒரு ஷில்லிங் ஒன்றரைப் பென்சுக்கு விற்கப்பட்ட ஐம்பத்தாறு மாத்திரைகளின் மூலப்பொருள் விலை அரைப் பாதிங் மட்டுமே. அதாவது, விலை மூலப்பொருளின் பெறுமதியிலும் நூறு மடங்குக்கு மேல். 1912-ம் ஆண்டு இதன் இரண்டாம் பாகமும் வெளிவந்தது.

இந்நூலிற் கண்டிக்கப்பட்ட மருந்துகளுள் ஒன்றின் கதையைச் சற்று விரிவாக நோக்குதல் எமது ஆராய்ச்சிக்குப் பெரிதும் உதவும். சார்ள்ஸ் ஹென்றி ஸ்டீவன்ஸ் என்பவர் பேர்மிங்ஹாம் நகரைச் சேர்ந்தவர். 1897-ம் ஆண்டு, பதினேழு வயதளவில், அவருக்குச் சயரோகம் இருப்பதாக வைத்தியர்கள் கூறினர். கடல் கடந்து நல்ல காற்றுள்ள தேசத்துக்குச் செல்லுமாறு ஆலோசனை கூறப்பட்டதால் அவர் தென்னாபிரிக்கா சென்றார். அங்கே பசூட்டோலாந்தில் (இன்றைய லெசோதோவில்) நாட்டு வைத்தியர் ஒருவர் ஏதோ ஒரு செடியின் கிழங்கை அவித்துக் குடிக்கக் கொடுத்தார். சில மாதங்களில் ஸ்டீவன்ஸ் தேறினார். அந்த வைத்தியரின் பெயர் மைக் கிஜிட்சே என்று ஏடுகள் குறிக்கின்றன. அவரைப் பற்றி அதற்கு மேல் அவை கூறுவது மிகக் குறைவு.

ஸ்டீவன்ஸ் இங்கிலாந்து திரும்பியதும் அக்கிழங்கின் கஷாயத்தைப் போத்தலில் அடைத்துச் 'சயரோக நிவாரணி' என விற்கத் தொடங்கினார். மருந்துக்கு 'உம்கலோவாபோ' என்ற புதுமையான பெயரைச் சூட்டினார். அது எந்தச் செடி என்பதை மட்டும் வெளியிடவில்லை. மருத்துவச் சங்கத்தின் நூல் இதனைப் போலி மருந்து எனச் சாடியது. ஸ்டீவன்ஸ் சும்மா இருக்கவில்லை. மானநட்ட வழக்குத் தொடுத்தார். 1912-ம் ஆண்டு விசாரணையில் ஜூரிமார் ஒருமித்த முடிவுக்கு வர இயலாது கலைந்தனர். 1914-ம் ஆண்டு வழக்கு மீண்டும் விசாரிக்கப்பட்டபோது சங்கம் வென்றது.

முதல் வழக்கில் ஜூரிமார் ஏன் முடிவு காணவில்லை என்பதே இங்கு முக்கியமான கேள்வியாகும். அவர்கள் அறிவிலிகள் என்று கூறிவிடுவது எளிது. ஆனால் அவர்கள் முன் இருந்த சான்று யாது? ஒருபுறம், உயிருடன் நடமாடும் மனிதர் ஒருவர், தாம் இம்மருந்தால் பிழைத்ததாக மனமாரக் கூறினார். அவரைப் போன்றோரின் நன்றிக் கடிதங்களும் இருந்தன. மறுபுறம், வைத்திய நிபுணர்கள் இது பயனற்றது என்றனர். எனினும், பயனுள்ள மருந்து யாது என்று கேட்டால் அவர்களிடம் விடை இல்லை. பகுப்பாய்வு ஒரு போத்தலில் என்ன இருக்கின்றது என்பதைக் காட்டும். அது நோயாளிக்கு என்ன செய்கின்றது என்பதைக் காட்டாது. ஒரு மருந்து குணப்படுத்துகின்றதா என்பதை நிலைநாட்டும் முறை அக்காலத்தில் இரு கட்சியாரிடமும் இருக்கவில்லை.

சயரோகத்தின் இயல்பும் இங்கே கவனிக்கத்தக்கது. மருந்தெதுவும் கிட்டாதவிடத்து, சளியிற் கிருமி காணப்படும் நோயாளருள் ஏறக்குறையப் பத்தில் எழுவர் பத்தாண்டுகளுக்குள் இறப்பர் என்பது மருந்துக் காலத்துக்கு முற்பட்ட பதிவுகளை ஆராய்ந்தோர் கண்ட முடிவு. அவ்வாறாயின் எஞ்சிய மூவர் பிழைத்திருப்பர். நோய் கடுமையற்றவர்களிடையே பிழைப்போர் தொகை இன்னும் அதிகம். இருமலையெல்லாம் சயரோகமென்று பிழையாகக் கணித்த வேளைகளும் பல. ஆகவே எந்தப் போத்தலை விற்றாலும், அதைக் குடித்துப் பிழைத்தவர்களாகச் சிலரைக் காட்ட முடியும். அவர்கள் பொய் சொல்லவில்லை. பிழைத்தவர் கடிதம் எழுதினார், இறந்தவர் எழுதவில்லை. விளம்பரம் பிழைத்தோரை மட்டும் எண்ணியது. நெடுநாட் பிணிகள் யாவற்றுக்கும் இது பொருந்தும். ஏறியும் இறங்கியும் செல்லும் நோயில், ஏறிய வேளையிலேதான் நோயாளி புதிய மருந்தை நாடுவான். அதன் பின்னர் வரும் இறக்கம் மருந்தின் கணக்கில் வரவு வைக்கப்படும்.

வறுமையையும் நாம் மறந்துவிடலாகாது. 1911-ம் ஆண்டுத் தேசிய காப்புறுதிச் சட்டத்தின் கீழ்த் தொழிலாளிக்கு வைத்தியர் ஒருவரின் சேவை கிடைத்தது. அவனுடைய மனைவியும் பிள்ளைகளும் பொதுவாக அவ்வுதவிக்கு உரித்துடையோராகவில்லை. சயரோகியின் பணக்கார அயலவன் சுவிற்சர்லாந்தின் மலைச் சுகநிலையத்துக்குச் செல்வான். ஆலைத் தொழிலாளியின் மனைவிக்கு எட்டியது மூலைக் கடையில் விற்ற போத்தல் ஒன்றே. வேறு கதவுகள் அடைக்கப்பட்டிருந்தபோது திறந்திருந்த ஒரே கதவை அவள் தட்டினாள். அதனை அறியாமை என்ற ஒரு சொல்லால் விளக்கிவிட முடியாது.

1912-ம் ஆண்டு பிரித்தானிய நாடாளுமன்றம் இவ்வகை மருந்துகளை ஆராயத் தெரிகுழு ஒன்றை நியமித்தது. எவரும் எந்தக் கலவையையும் எந்த நோய்க்கும் மருந்தென விளம்பரம் செய்து விற்பதைத் தடுக்கும் வலிமை நாட்டின் சட்டத்துக்கு நடைமுறையில் இல்லை என்பதே அக்குழு கண்ட முடிவு. ஆனால் அதன் அறிக்கை 1914 ஓகஸ்டில் வெளியானது, அதே வேளையில் போர் மூண்டது, அறிக்கை மறக்கப்பட்டது. புற்றுநோய் மருந்து விளம்பரங்கள் 1939-ம் ஆண்டிலும், சயரோகம், நீரிழிவு, காக்கை வலிப்பு முதலியவற்றுக்கான மருந்து விளம்பரங்கள் 1941-ம் ஆண்டிலுமே தடை செய்யப்பட்டன. ஐக்கிய அமெரிக்காவிலும் நிலைமை இதிலும் மேலானதாக இருக்கவில்லை. 1906-ம் ஆண்டு அங்கு உணவு, மருந்துச் சட்டம் வந்தது. எனினும் 1911-ம் ஆண்டு, புற்றுநோய் தீர்ப்பதாகப் பொய் கூறி விற்ற ஒருவரின் வழக்கில், அச்சட்டம் மருந்தின் உட்பொருள் பற்றிய பொய்யையே தடுக்கும், குணம் பற்றிய பொய்யைத் தடுக்காது என்று உயர்நீதிமன்றம் தீர்த்தது. மறு ஆண்டு சட்டம் திருத்தப்பட்டது; ஆனால் ஏமாற்றும் எண்ணம் இருந்ததென்பதை நிரூபிக்க வேண்டியிருந்ததால், தானே நம்பி விற்றதாகக் கூறியவன் தப்பித்துக்கொண்டான்.

இதுவரை போத்தல் வணிகரைப் பற்றியே பேசினோம். கற்றுத் தேர்ந்த வைத்திய உலகம் குற்றமற்றதாக இருந்ததா? இல்லை என்பதே நேர்மையான விடை. கிருமியைக் கண்டறிந்த அதே றொபேட் கொக், 1890-ம் ஆண்டு பேர்லினில் கூடிய சர்வதேச மருத்துவ மகாநாட்டில், அக்கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள் ஒன்று தம்மிடம் உண்டு என்றார். அதுவே பின்னர் டியூபர்க்குலின் எனப்பட்டது. அதன் செய்முறையை அவர் முதலில் வெளியிடவில்லை. அதுவும் ஓர் இரகசிய ஔடதமாகவே உலகுக்கு வந்தது. நோயாளர் பல நாடுகளிலிருந்தும் பேர்லினை நோக்கி விரைந்தனர். சில மாதங்களுக்குள், 1891-ம் ஆண்டுத் தொடக்கத்தில், ருடோல்வ் விர்ஷோ அம்மருந்து ஏற்றப்பட்டு இறந்தவர்களின் உடல்களைப் பிளந்து ஆராய்ந்து, நோய் ஆறுவதற்குப் பதிலாகப் பரவியிருந்ததைக் காட்டினார். சிலீசியாவில் பரவிய தொற்றுக் காய்ச்சலுக்கு வறுமையும் அடக்குமுறையுமே வேர் என 1848-ம் ஆண்டிலேயே எழுதிய அதே விர்ஷோதான் இவர். டியூபர்க்குலின் மருந்தாகத் தோற்றது. நோய்த்தொற்றைக் கண்டறியும் சோதனையாக இன்றும் பயன்படுகின்றது.

பின்னர் தங்கத்தின் காலம் வந்தது. 1924-ம் ஆண்டளவில் கொப்பன்ஹேகனில் மோல்கார்ட் என்னும் அறிஞர், சனோகிறைசின் என்ற தங்க உப்பைச் சயரோகத்துக்கு மருந்தாகப் பரிந்துரைத்தார். அது பல நாடுகளின் ஆஸ்பத்திரிகளிற் பரவியது. நஞ்சுத்தன்மை வாய்ந்ததெனத் தெரிந்தும், பயனுண்டு என்ற நம்பிக்கையில் வைத்தியர்கள் அதனை ஏற்றி வந்தனர். அவர்களும் ஸ்டீவன்சைப் போலவே, தேறிய நோயாளிகளைத்தான் சான்றாகக் காட்டினர்.

இந்த நிலையில் ஐக்கிய அமெரிக்காவில் டெற்றோயிற் நகருக்கு அண்மையிலுள்ள ஒரு சயரோக ஆஸ்பத்திரியில் நிகழ்ந்த சிறு முயற்சி குறிப்பிடத்தக்கது. அம்பேசன் என்பவரும் இரு துணைவரும் இருபத்துநான்கு நோயாளிகளை, நோயின் கடுமையில் ஒத்த இரு பன்னிருவர் குழுக்களாகப் பிரித்தனர். எக்குழுவுக்குத் தங்க உப்பு, எக்குழுவுக்கு வெறும் நீர் என்பதைக் காசைச் சுண்டிப் பார்த்துத் தீர்மானித்தனர். தமக்கு ஏற்றப்படுவது எது என்பதை நோயாளிகள் அறியவில்லை. 1931-ம் ஆண்டு வெளியான முடிவு, தங்கம் நன்மை செய்யவில்லை, துன்பமே தந்தது என்பதாகும். பெரும் பேராசிரியர்களின் நம்பிக்கையை ஒரு செப்புக் காசு தோற்கடித்தது என்று கூறினால் அது மிகையன்று. வைத்தியனின் விருப்பு வெறுப்பு தலையிடாதபடி இரு குழுக்களை அமைத்து எண்ணிப் பார்க்கும் முறை, மெல்ல மெல்ல உருவாகிக்கொண்டிருந்தது.

அம்முறை முழு வடிவம் பெற்றது ஸ்ரெப்டோமைசின் வருகையுடனாகும். 1943-ம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் றட்கேர்ஸ் பல்கலைக்கழகத்தில், வக்ஸ்மனின் ஆய்வுகூடத்தில், அல்பேட் ஷாட்ஸ் என்னும் இளம் ஆராய்ச்சி மாணவர் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தார். போரினால் வறிதான பிரித்தானியாவிடம் இம்மருந்தைப் பேரளவில் வாங்க டொலர் இருக்கவில்லை. கிடைத்த சிறு அளவு எல்லோருக்கும் போதாது. எனவே யாருக்குக் கொடுப்பது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிப்பதே நீதி என்றும், அதனால் உண்மையும் தெரியவரும் என்றும் மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தினர் கண்டனர். புள்ளிவிபர அறிஞர் ஒஸ்ரின் பிராட்போட் ஹில் அத்திட்டத்தை வகுத்தார். எவர் எக்குழுவிற் சேர்வர் என்பது முத்திரையிட்ட உறைகளுள் இருந்தது. எக்ஸ்கதிர்ப் படங்களைப் பரிசீலித்தோருக்கு எது எக்குழுவினருடையது என்பது மறைக்கப்பட்டது.

முடிவுகள் 1948-ம் ஆண்டு ஒக்டோபரில் வெளியாயின. ஸ்ரெப்டோமைசின் பெற்றோர் 55 பேர். படுக்கையில் ஓய்வு மட்டும் பெற்றோர் 52 பேர். ஆறு மாத முடிவில் முன்னையோருள் நால்வரும் பின்னையோருள் பதினால்வரும் இறந்திருந்தனர். முன்னையோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் கணிசமாகத் தேறினர். இங்கே வாசகர்கள் ஒரு சிறு எண்ணைக் கூர்ந்து நோக்குவார்களாக: எம்மருந்தும் பெறாத 52 பேருள்ளும் நால்வர் கணிசமாகத் தேறியிருந்தனர். இந்நால்வர் கையிலும் ஸ்டீவன்ஸ் தமது போத்தலைக் கொடுத்திருந்தாரானால், அவருக்கு நான்கு நன்றிக் கடிதங்கள் கிடைத்திருக்கும். 1912-ம் ஆண்டு ஜூரிமாருக்கு அகப்படாத விடை முப்பத்தாறு ஆண்டுகளின் பின் இவ்வாறு கிட்டியது.

இச்சோதனையும் குறையற்றதன்று. ஓய்வு மட்டும் பெற்றோருக்குத் தாம் ஒரு சோதனையிற் பங்குகொள்கின்றோம் என்பது சொல்லப்படவில்லை. இன்று அவ்வாறு செய்ய எவரும் அனுமதியார். மருந்தின் வெற்றியும் முழுமையானதாக இருக்கவில்லை. கிருமிகள் மருந்தை எதிர்த்து நிற்கக் கற்றுக்கொண்டன. தேறியோர் பலர் மீண்டும் வீழ்ந்தனர். ஆனால் இக்குறையை வெளிப்படுத்தியதும் அதே சோதனையே என்பது கவனிக்கத்தக்கது. அதன் விளைவாகவே இரு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை ஆராயப்பட்டது. 1952-ம் ஆண்டு ஐசோனியசிட் வந்தது. சயரோகம் தீர்க்கக்கூடிய நோயாயிற்று. தன் குறையைத் தானே எண்ணிக் காட்டும் மருந்துக்கும், தன் குறையை மறைத்துப் புகழை மட்டும் அச்சிடும் மருந்துக்கும் உள்ள வேறுபாடு இதுவாகும்.

இம்முறை ஏழைகளுக்கு அளித்த மிகப்பெரிய கொடை தமிழ் மண்ணிலிருந்தே கிடைத்தது. பணக்காரரின் சயரோக வைத்தியம் மலைக்காற்று, ஓய்வு, பாலும் முட்டையும் இறைச்சியும் என்பனவற்றை அடிப்படையாகக் கொண்டது. அவையின்றி மருந்து மட்டும் பயன்தராது என்பதே வைத்திய உலகின் நம்பிக்கை. 1956-ம் ஆண்டு சென்னையில் நிறுவப்பட்ட சயரோக மருந்து ஆராய்ச்சி நிலையம், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பகுதியாக்கி, ஒரு பகுதியினரைச் சுகநிலையத்திலும், மறு பகுதியினரை அவர்களுடைய நெருக்கடி மிகுந்த குடிசைகளிலுமே வைத்து ஓராண்டு மருந்து கொடுத்தது. வீட்டிலிருந்தோர் உண்ட உணவு தாழ்ந்தது. பலர் ஓய்வும் பெறவில்லை. 1959-ம் ஆண்டு வெளியான முடிவோ இரு பகுதியினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர் என்பதாகும். வீட்டிலிருந்தோரின் உறவினர்க்கு நோய் அதிகம் தொற்றவும் இல்லை. சுகநிலையக் கட்டிலுக்கு வழியில்லாத கோடிக்கணக்கானோரை வீட்டிலேயே குணப்படுத்தலாம் என்பது இவ்வாறு நிலைநாட்டப்பட்டது. சென்னையின் சேரிவாழ் மக்கள் பங்குகொண்ட இச்சோதனை உலகெங்கும் சயரோக ஒழிப்பின் போக்கை மாற்றியது. சோதனை என்பது ஏழைக்கு எதிரான அந்நியச் சடங்கு என்போர் இதனை ஊன்றி நோக்க வேண்டும்.

இதிலிருந்து நல்வாழ்வும் நல்லுணவும் வேண்டாதன என்ற முடிவுக்கு எவரும் வரலாகாது. இங்கிலாந்திலே பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே சயரோக மரணங்கள் குறைந்து வந்தன. அவ்வீழ்ச்சியின் பெரும்பகுதி ஸ்ரெப்டோமைசின் வருவதற்கு முன்னரே நிகழ்ந்துவிட்டது. தோமஸ் மக்கியோன் இதற்கு உணவு வளம் காரணம் என்றார். வேறு ஆய்வாளர்கள் பொதுச் சுகாதாரச் சீர்திருத்தங்களை வற்புறுத்துவர். எவ்வாறாயினும், கூலியும் குடியிருப்பும் நோயின் தலைவிதியை நிர்ணயிப்பதில் பெரும்பங்கு கொண்டன என்பது தெளிவு. நோய் வராது காப்பது ஒன்று; வந்த நோயை மாற்றுவது இன்னொன்று. இரண்டும் வேண்டும். போத்தல் வணிகன் இரண்டையும் தருவதில்லை.

இனி, அந்தக் கிழங்குக்கு யாது நேர்ந்தது? ஸ்டீவன்ஸ் வழக்கில் தோற்ற பின்னரும் மருந்து அழியவில்லை. 1920-ம் ஆண்டு முதல் ஜெனீவாவில் செஷெஹே என்னும் வைத்தியர் அதனைச் சுமார் எண்ணூறு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பலர் தேறியதாக எழுதினார். ஒப்பிடத்தக்க மறு குழு ஒன்றை அவரும் அமைக்கவில்லை. 1970-களில் மியூனிக் பல்கலைக்கழகத்தில் அது தென்னாபிரிக்காவில் வளரும் பெலர்கோனியம் இனச் செடி என்று இனங்காணப்பட்டது. இன்று அதன் சாறு ஜேர்மனியிலும் பிற நாடுகளிலும் மார்புச் சளிக்காய்ச்சலுக்கு விற்கப்படுகின்றது. அதற்கு அது சிறிது உதவக்கூடும் என்று சில சோதனைகள் காட்டினும், அச்சான்று வலுவற்றது என்பதே அவற்றைத் தொகுத்து நோக்கியோரின் கருத்து. சயரோகத்தை அது மாற்றும் என்பது இற்றைவரை நிரூபிக்கப்படவில்லை. ஆயினும் ஜேர்மன் கம்பனி ஒன்று அச்செடியிலிருந்து சாறெடுக்கும் முறைக்குத் தனியுரிமை பெற்றிருந்தது. தென்னாபிரிக்காவின் கிழக்கு முனை மாகாணத்து அலிஸ் என்னும் ஊர் மக்கள் அதனை எதிர்த்து வாதாடினர். 2010-ம் ஆண்டு ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் அதனை இரத்துச் செய்தது. ஆபிரிக்க வைத்தியரின் கிழங்கை ஓர் ஆங்கிலேயர் இரகசியமாக்கி விற்றார். நூறாண்டின் பின் இன்னொருவர் அதற்கு வேலி கட்ட முயன்றார். மூலிகைகளைச் சூழ்ந்து நிற்கும் சுரண்டல் இத்தகையது.

இதனால் நாட்டு மருந்துகள் யாவும் பொய் என்று கூறுவது எமது கருத்தன்று. சர்ப்பகந்தி இந்திய வைத்தியத்தில் நெடுங்காலம் வழங்கிய மூலிகை. 1931-ம் ஆண்டு கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இருவர் அது இரத்த அழுத்தத்தைக் குறைப்பதை எழுதினர். 1949-ம் ஆண்டு பம்பாயின் றுஸ்தம் ஜால் வக்கீல் தம் நோயாளிகளிடம் கண்டவற்றை எண்ணி வெளியிட்டார். 1952-ம் ஆண்டு அதன் செயற்பொருள் பிரித்தெடுக்கப்பட்டு உலகெங்கும் பயன்பட்டது. அதன் பக்கத் தீங்குகளும் எண்ணப்பட்டன. மேலான மருந்துகள் வந்தபின் அது பின்தள்ளப்பட்டது. எந்த மூலிகைக்கும் நாம் கோருவது இவ்வளவே: கிஜிட்சேயின் கிழங்குக்கும் கொக்கின் டியூபர்க்குலினுக்கும் தராசு ஒன்றாக இருக்கட்டும்.

எமது நாட்டில் இத்தராசை மக்கள் பக்கம் நிறுத்த முயன்றவருள் முதல்வர் பேராசிரியர் சேனக பிபிலே. கம்யூனிஸ்ட் தலைவரும் வைத்தியருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து அவர் தயாரித்த அறிக்கையின் வழியாக, 1971-ம் ஆண்டு அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாயிற்று. எம்மருந்து உண்மையிற் பயன்தரும், எது தேவையற்றது என்று வடிகட்டினர். வணிகப் பெயரை விட்டு மருந்தின் பொதுப் பெயரால் வழங்கினர். உலகளாவிய கேள்விப்பத்திரம் கோரிக் குறைந்த விலைக்கு வாங்கினர். இரகசியப் போத்தலை எதிர்ப்பதும், கம்பனியின் கொள்ளை விலையை எதிர்ப்பதும் ஒரே போராட்டம் என்பதை அவர் செயலிற் காட்டினார். 1977-ம் ஆண்டு ஆட்சி மாறியது, திட்டம் தளர்ந்தது, அவ்வாண்டிலேயே பிபிலே கயானாவில் காலமானார். தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் 2015-ம் ஆண்டிலேயே வந்தது.

ஆயினும் 2020 டிசம்பரில், கொரோனாத் தொற்று உச்சமடைந்து வந்த வேளையில், கேகாலையில் ஒருவர் காய்ச்சிய பாணியைப் பெற ஆயிரக்கணக்கானோர் நெருங்கி நின்ற காட்சியை நாம் கண்டோம். சுகாதார அமைச்சரே அதனைப் பகிரங்கமாக அருந்தினார். அடுத்த மாதம் அவருக்கும் தொற்று உண்டாயிற்று. போத்தலின் வாயிலே ஒட்டிய பழைய அரசாங்க முத்திரை வேறு உருவில் திரும்பி வந்ததெனலாம். அங்கு நின்றவர்களை நகைத்தோர் பலர். தடுப்பூசி எப்போது வரும், யாருக்கு முதலில் கிடைக்கும் என்று அறியாத நாட்களில் அவர்கள் நின்றனர் என்பதை எண்ணியோர் சிலரே.

ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யத்தக்கது யாது? ஓர் ஊரில் ஒருவர் இன்சுலினை நிறுத்திவிட்டுக் கஷாயம் குடிக்கப் புறப்பட்டால், அவரை ஏளனம் செய்வதால் அவர் உயிர் தப்பாது. இன்சுலின் இன்றி வாழ முடியாத நீரிழிவாளர் அதனைக் கைவிட்டால் சில நாட்களிலேயே மரணம் நேரலாம் என்பதைத் தெளிவாகக் கூற வேண்டும். பின்னர் எளிய கேள்விகளை அவரோடு சேர்ந்து கேட்க வேண்டும். இதனை எத்தனை பேர் குடித்தனர்? அவர்களுள் தேறாதவர் எத்தனை பேர்? குடியாமலே தேறியவர் எத்தனை பேர்? எண்ணியவர் யார்? உள்ளே இருப்பது என்ன? இலாபம் யாருக்கு? இக்கேள்விகளைப் பரிகாரியாரிடம் மட்டுமன்றி, வெள்ளைச் சட்டை அணிந்த வைத்தியரிடமும், பளபளக்கும் பெட்டியில் மாத்திரை விற்கும் கம்பனியிடமும் கேட்கும் துணிவை மாணவனுக்கு ஊட்டுவதே விஞ்ஞானக் கல்வி. அவர் ஏன் ஆஸ்பத்திரியை விட்டு விலகினார் என்பதையும் கேட்க வேண்டும். மருந்து இல்லையென்று திருப்பி அனுப்பப்பட்டாரா, பஸ் கட்டணம் இல்லையா, அங்கு மதிப்பாகப் பேசுவார் இல்லையா என்பவற்றுக்கு விடை காணாத பிரசாரம் பயன்தராது.

சயரோகத்தைத் தீர்க்கும் மருந்து கிடைத்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகின்றது. 2023-ம் ஆண்டில் அந்நோயினால் உலகெங்கும் ஏறக்குறைய 12 இலட்சத்து 50 ஆயிரம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களுட் பெரும்பாலோர் வறிய நாடுகளின் வறிய மக்கள். லெசோதோ இன்றும் இந்நோய் மிகக் கடுமையாகத் தாக்கும் நாடுகளுள் ஒன்று. கிஜிட்சேயின் ஊரவர்க்கு இன்று வேண்டியது நிரூபிக்கப்பட்ட மாத்திரை, அதனை ஒழுங்காகக் கொண்டுவந்து கொடுக்கும் ஊழியர், அதனைப் பசித்த வயிற்றில் விழுங்க வேண்டாத அளவுக்கு உணவு. இவற்றை அவர்களுக்கு மறுக்கும் உலக ஒழுங்கு நிலைக்கும்வரை போத்தல் வணிகனுக்கும் வாடிக்கையாளர் குறையப்போவதில்லை. ஆகவே பொய் மருந்துக்கு எதிரான போராட்டமும், மெய் மருந்து எல்லோரையும் அடையவேண்டும் என்னும் போராட்டமும் பிரிக்கமுடியாதவை என்பதே இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடமாகும்.